நாலில் கை எடுக்க வேண்டும்

ரோலரின் கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை கிறீச்சிடும். எண்ணெய் விட்டாலும் கிறீச்சிடும், விடாவிட்டாலும் கிறீச்சிடும். நாலு கிறீச்சுக்குள் ஒரு ரப்பர் கட்டி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் ஷீட்டாக நீண்டு விழும்.

காலை ஏழு மணி இருக்கும். உறைந்த ரப்பர் பாலின் புளித்த வாடை, ஆசிட் வாடை, காலடியில் வெள்ளைத் தண்ணீர். நான் கைப்பிடியைச் சுற்றுகிறேன். தம்பி லிங்கம் எதிரே நின்று இடது கையால் கட்டியை அழுத்தி ரோலருக்குள் கொடுக்கிறான். கண்ணை மூடியிருக்கிறான். வாய் மட்டும் 'தும், தும்' என்று எதையோ முணுமுணுக்கிறது.

கண்ணைத் திறக்காமலே சொன்னான். "அக்கா, மூணுக்குப் பொறவு நீ பிந்துற. நேரா சுத்து."

அவன் சொன்ன இந்த வாக்கியத்தை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அதற்கு நான் என்ன செய்தேன் என்பதையும் சொன்னதில்லை. என் கணவருக்குக்கூடத் தெரியாது.

அப்பாவின் திருத்தங்கள்

அந்தக் காலையை முடிப்பதற்கு முன்னால் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தத் தொடர் வர ஆரம்பித்த நாளிலிருந்து அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை கூடிவிட்டது. காலையில் நெற்றியில் நாமம் இட்டு, தலைப்பாகை கட்டிக்கொண்டு எங்கள் வழிபாட்டு இடமான நிழல் தாங்கலுக்குப் போவார். அங்கே கும்பிட்டுவிட்டு வரும் வழியில் இரணியலில் பத்திரிகை வாங்குவார். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து படிப்பார். படித்து முடித்த கையோடு நாகர்கோவிலில் இருக்கிற எனக்குப் போன் வரும். நல்லா இருக்கு, இல்லை என்கிற பேச்செல்லாம் கிடையாது. நேரே திருத்தம்தான்.

"ஏட்டி, கெணறு வீட்டுக்கு வடக்கயாக்கும். நீ தெக்கன்னு எழுதியிருக்க."

"செரிப்பா."

"மாமனுக்கு சைக்கிள் பச்சை இல்ல. கறுப்பு."

"செரிப்பா."

"இனி எழுதினா கேட்டு எழுது." போன் கட்டாகிவிடும்.

ஒரு தப்பையும் விடமாட்டார். ஆனால் எங்கள் வீட்டில் நடந்த மிகப் பெரிய தப்பு ஒன்று அவர் மனசில் பல வருடமாகத் தப்பாகவே பதிந்து கிடக்கிறது. அதைத் திருத்த வேண்டியவள் நான்.

நாலு கம்பி

லிங்கம் எனக்கு மூன்று வயது இளையவன். படிப்பு பன்னிரண்டோடு நின்றது. காலையில் ரப்பர் விளை என்கிற எங்கள் தோட்டம், பகலில் எலக்ட்ரீஷியன் வேலை. பாட்டு கற்றுக்கொடுக்க எங்கள் வீட்டிலோ தெருவிலோ யாரும் இல்லை. பக்கத்து ஊர்ச் சர்ச்சுகளில் கிடார் உண்டு. அங்கே போய்க் கேட்க இவனுக்குக் கூச்சம்.

குளச்சலில் ஒரு கூட்டாளி வீட்டில் வயரிங் வேலைக்குப் போனபோது அலமாரி மேலே ஒரு கிடார் கிடந்தது. கூட்டாளியின் அண்ணன் வளைகுடாவுக்குப் போகும்போது விட்டுப்போனது. கடல் காற்றில் கம்பிகள் துருப்பிடித்து, மெல்லிய கம்பி இரண்டும் அறுந்து போயிருந்தன. எடுத்துக்கொண்டு போ என்றார்கள்.

இவன் கைபேசியில் 'நாலு கம்பி கிடார்' என்று தேடினான். பேஸ் கிடார் என்று வந்தது. தன்னிடம் இருப்பது அதுதான் என்று முடிவு கட்டிவிட்டான். அது பேஸ் இல்லை, ரெண்டு கம்பி போன சாதாரண கிடார் என்று தெரிய அவனுக்கு ஆறு மாதம் ஆயிற்று. அதற்குள் அந்த நாலு கம்பியில் பேஸ் பாடம் பாதி முடித்திருந்தான். மிச்சமிருந்த நாலும் பேஸுக்கு உரிய அதே வரிசையில் இருந்தது அவன் அதிர்ஷ்டம்.

வீடியோவில் பாடம் எடுத்தவர் என்ன மொழி பேசினார் என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. லிங்கம் சத்தத்தை அணைத்துவிட்டு, வேகத்தைப் பாதியாகக் குறைத்து, விரலை மட்டும் பார்ப்பான். பழைய காலண்டரைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் ஸ்கெட்ச் பேனாவால் கம்பிகளையும் கட்டங்களையும் வரைந்து சுவரில் ஒட்டினான். எந்த விரல் எங்கே என்று புள்ளி வைத்தான். ஆள்காட்டி விரலுக்குச் சிவப்பு, நடுவிரலுக்கு நீலம். அந்தச் சிவப்பும் நீலமும்தான் பிறகு என் தூக்கத்தைக் கெடுத்தவை.

பெட்டியில் கை வைத்துக் கேட்பது

எங்கள் பக்கம் கோயில் கொடைக்கும் திருவிழாவுக்கும் கானமேளா வைப்பார்கள். மேடை போட்டு, சினிமாப் பாட்டுகளை ஒரு குழு நேரில் வாசித்துப் பாடும். ஊரே பாடகரைப் பார்க்கும். லிங்கம் ஸ்பீக்கர் பெட்டியின் பக்கவாட்டில் போய் நின்று, உள்ளங்கையைப் பலகையில் அழுத்தி வைத்துக்கொள்வான்.

"என்னலே செய்யுற?" என்று கேட்டேன் ஒரு தடவை.

"காதுல கேட்டா எல்லாம் சேர்ந்து வருதுக்கா. கையில வச்சா பேஸ் மட்டும் வரும்."

நானும் வைத்துப் பார்த்தேன். எனக்குப் பலகை அதிர்ந்தது, அவ்வளவுதான். அவன் அதில் எண்ணிக்கொண்டிருந்தான். ஒரு பாட்டு முடியும்போது அதன் அடித்தளம் முழுக்க அவன் கைக்குள் இருந்தது. வீட்டுக்கு வந்து அதைக் கம்பியில் தேடி எடுத்துவிடுவான். இப்படியே இருபது முப்பது பாட்டு சேர்த்தான்.

அடுத்த வருடம் மார்த்தாண்டத்தில் பழைய பேஸ் கிடார் ஒன்று வாங்கினான். தக்கலையில் ஒரு கானமேளாக் குழு அவனை வரச்சொல்லிக் கேட்டுப் பார்த்தது. கை நன்றாக இருக்கிறது, நேரம்தான் நிற்கவில்லை என்றார்களாம். அதாவது, பாட்டின் வேகம் இவன் கையில் ஏறி இறங்குகிறது. அதைச் சரிப்படுத்திக்கொண்டு வா, எடுத்துக்கொள்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

அவன் அதை எங்கே சரிப்படுத்தினான் என்பதுதான் கதை.

ரோலர்

எங்கள் ரப்பர் விளை குலசேகரம் போகிற வழியில். விடிவதற்கு முன் அப்பா பால் வடிக்க மரப்பட்டையை வெட்டப் போவார். முந்தின நாள் உறைய வைத்த பாலை ஷீட் அடிப்பது என்னுடைய, லிங்கத்தினுடைய வேலை. நான் சுற்றுவேன், அவன் கொடுப்பான்.

"அக்கா, நீ ஒரே சீரா சுத்து. அந்தச் சத்தத்த வச்சு நான் எண்ணிப் படிச்சுக்கேன்," என்றான்.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு கிறீச்சுக்கு ஒன்று. நாலில் கை எடுக்க வேண்டும், ஏனென்றால் நாலு தாண்டினால் கை ரோலருக்குள் போய்விடும். வாயால் பேஸை முணுமுணுத்துக்கொண்டே சரியாக நாலில் கையை எடுப்பான். கண்ணை மூடிக்கொண்டு எண்ணினால்தான் நேரம் உள்ளுக்குள் இறங்கும் என்று எந்த வீடியோவில் பார்த்தானோ, கண்ணையும் மூட ஆரம்பித்தான். உலகத்தில் வேறு யாருக்காவது இந்தப் புத்தி தோன்றியிருக்குமா என்று நினைத்து நினைத்துப் பார்த்திருக்கிறேன். பைத்தியக்காரத்தனம் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். ஆனால் அவன் எண்ணிக்கை நாளுக்கு நாள் திருந்தியது. எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது.

பெருமையோடு குறும்பும் இருந்தது. நடுவில் கொஞ்சம் மெதுவாக்கி அவனைத் தடுமாற வைப்பேன். அவன் கத்துவான், நான் சிரிப்பேன்.

அந்தக் காலையில் நான் சிரிக்கும் நிலையில் இல்லை. அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். வீடு முழுக்க வேலை. மணிக்கட்டு வலித்தது. அப்போதுதான் அவன் சொன்னான், மூணுக்குப் பிறகு நான் பிந்துகிறேன் என்று. நேராகச் சுற்று என்று. தினமும் அவனுக்காக நின்று சுற்றுகிறவளைப் பார்த்து.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிந்துகிறேனா, இந்தா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். மூன்றாவது கிறீச்சு முடிந்ததும் இரண்டு கையாலும் கைப்பிடியை வெடுக்கென்று இழுத்துச் சுற்றினேன்.

நாலாவது கிறீச்சு கேட்கவில்லை. அவன் சத்தம்தான் கேட்டது.

பின்பக்கமாகச் சுற்றிக் கையை வெளியே எடுத்ததும் நான்தான். ஷீட் பாதி ரோலரில் தொங்கியது. வெள்ளை ரப்பரில் ரத்தம் ஒட்டாமல் வழிந்து இறங்கியது.

நெய்யூருக்குக் கொண்டுபோனோம். இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நடு மூட்டோடு போயின. மோதிர விரல் தப்பியது, ஆனால் மடங்கியது மடங்கியபடி நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பா கேட்டார். "எப்பிடிலே?"

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு லிங்கம் சொன்னான். "கை வழுக்கிட்டுப்பா. நான் கண்ண மூடியிருந்தேன்."

அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். "பாட்டுக்க நெனப்பு. கண்ண மூடிட்டு மெசின்ல கை வைக்கவன் மனுசனா?" பிறகு என்னைப் பார்த்தார். "நீயாவது சொல்லியிருக்கப்பிடாதாட்டி?"

"நான் சொன்னேன்பா," என்றேன்.

அதுவும் பொய். நான் அவனிடம் ஒன்றும் சொன்னதில்லை. வழுக்கியதாக அவனே நம்புகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் நம்பும்போது நான் ஏன் கிளற வேண்டும் என்று நினைத்தேன்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. ஆல்பத்தில் எந்தப் படத்திலும் லிங்கத்தின் இடது கை தெரியாது. என் நாற்காலிக்குப் பின்னால் வைத்திருப்பான்.

கண்ணாடி

பேஸ் கிடாரை அப்பா ஷீட் உலர்த்துகிற புகைப்புரையின் பரணில் தூக்கிப் போட்டார். இந்த வீட்டில் இனி இந்தச் சத்தம் கேட்கக் கூடாது என்றார். லிங்கம் ஒரு வருடம் பேசாமல் இருந்தான். பிறகு ஒரு நாள் பரணில் ஏறி அதை எடுத்துக்கொண்டு தக்கலைக்குப் போய்விட்டான். மைக் செட் கடை ஒன்றில் வேலை, கடைக்கு மேலேயே தங்கல்.

அங்கே மறுபடியும் முதலிலிருந்து படித்தான். இடது கையால் கம்பியை அமுக்க முடியாது. அதனால் கிடாரைத் திருப்பிப் பிடித்தான். கம்பிகளை அவிழ்த்து வரிசை மாற்றிக் கட்டினான். வலது கை அமுக்கும், இடது கையின் கட்டைவிரல் மீட்டும். பழைய வீடியோக்கள் எல்லாம் எதிர்ப்பக்கமாகிவிட்டன. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தான். கைபேசியைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்து, கண்ணாடிக்குள் தெரிகிற வாத்தியாரைப் பார்த்துப் படித்தான். கண்ணாடிக்குள் அவரும் இவனைப் போலத் திருப்பிப் பிடித்திருந்தார்.

இரண்டு வருடத்தில் அதே கானமேளாக் குழு அவனை எடுத்துக்கொண்டது. நேரம் இப்போது அசையாமல் நிற்கிறது என்றார்களாம்.

எங்கள் நிழல் தாங்கலில் கும்பிடுகிற இடத்தில் சிலை கிடையாது, கண்ணாடிதான். நின்றால் நம் முகம்தான் தெரியும். கல்யாணத்துக்குப் பிறகு ஊருக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறேன். தாங்கலுக்குள் மட்டும் போனதில்லை. அப்பா கூப்பிட்டால் தலைவலி என்பேன்.

லிங்கத்தின் குழு எங்கள் ஊர்த் திருவிழாவுக்கே ஒருமுறை வந்தது. ஊர் முழுக்கப் போயிற்று. அப்பா சாயங்காலமே வாசல் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார். இன்றுவரை அவன் வாசித்து அவர் கேட்டதில்லை. சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் யாராவது லிங்கத்தின் கையைப் பற்றிக் கேட்டால், அவனை வைத்துக்கொண்டே சொல்வார். "கண்ண மூடிட்டு வேலை செய்த பய." லிங்கம் தலை குனிந்து சிரிப்பான். நான் பக்கத்தில்தான் இருப்பேன்.

போன மழைக்காலத்தில் ஊருக்குப் போயிருந்தேன். அப்பா வீட்டுக்குப் பின்னால் வாழை வைக்கக் குழி தோண்டினார். மண்வெட்டியில் ஏதோ தடுத்தது. இழுத்தால் ரப்பர் ஷீட். பாதி நசுங்கிய, கோணலான, கறுத்துப்போன ஒன்று. அன்றைக்கு ரோலரில் தொங்கியதை அம்மா அங்கே கொண்டுபோய்ப் புதைத்திருக்கிறாள். ரப்பர் சீக்கிரம் மக்காது.

அப்பா அதைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒரு நிமிசம் கண்ணத் தொறந்திருக்கலாம்," என்றார். மறுபடி குழிக்குள் போட்டு மண்ணைத் தள்ளினார். வாழைக்கன்றைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். வேறு இடத்தில் குழி தோண்டினோம்.

அரை எண்ணம்

அதற்குப் பிறகு என்னால் முடியவில்லை. ஒரு மத்தியான நேரம் தக்கலைக்குப் போனேன். கடை மாடியில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ஓரமாக உட்கார்ந்தேன். டிரம்ஸ் வாசிக்கப் புதிதாக ஒருவர் வந்திருந்தார். ஒரு இடத்தில் அவர் அவசரப்பட, லிங்கம் கம்பியில் கையை வைத்து நிறுத்தினான்.

"அண்ணே, நாலு வரட்டும். மூணு கழிஞ்ச ஒடனே ஓடாதீங்க. அந்த எடத்தில ஓடினா என்ன ஆவும்னு எனக்குத் தெரியும்."

சொல்லும்போது அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பாததில்தான் எனக்குப் புரிந்தது.

ஒத்திகை முடிந்து படியில் இறங்கும்போது கேட்டேன். "மக்கா, அண்ணைக்கு ரோலர்ல..."

"தெரியும்க்கா."

"எப்பம் தெரியும்?"

"அப்பமே. எண்ணிட்டு நிக்கவனுக்குத் தெரியாம போவுமா? அரை எண்ணம் முந்திப் போச்சு."

"பின்ன ஏன் கை வழுக்கிட்டுன்னு சொன்ன?"

"அடுத்த மாசம் உனக்குக் கல்யாணம். தம்பிக்க கைய மெசின்ல விட்டவள்னு பேரு வந்தா, அந்தக் கல்யாணம் நடக்குமா?"

எனக்கு அழுகை வந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் தேற்றவில்லை.

"விரல் போனதுக்கு உம்மேல கோவம் இல்ல. நீ வேணும்னு செய்யல்ல. ஆனா ஒரு நாளு நீ வந்து சொல்லுவன்னு இருந்தேன். கல்யாணம் கழிஞ்சு சொல்லுவ. பிள்ள பொறந்தப்பொறவு சொல்லுவ. அப்பா நாலு பேருக்க முன்ன என்னக் கண்ண மூடின பயன்னு சொல்லும்போ, நீ பக்கத்துல தானக்கா இருந்த."

முந்தானையால் முகத்தைத் துடைத்தேன்.

"அப்பாட்ட சொல்லட்டுமா?" என்றேன் கடைசியில்.

"அத என்னட்ட கேக்காத," என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனான்.

இந்த வாரம்

மூன்று தடவை ஊருக்குப் போனேன். அப்பா எதிரே உட்கார்ந்து காப்பி குடித்தேன். வாய் வரவில்லை. எழுத்தில்தான் எனக்குத் தைரியம். இது கோழைத்தனம் என்பதும் தெரியும்.

எழுதி முடித்ததும் லிங்கத்துக்குப் போன் பண்ணி முழுக்க வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டான். பிறகு சொன்னான். "ஒரு சுத்துக்கு ஒரு கிறீச்சுதான். நீ தொடக்கத்தில ரெண்டுன்னு எழுதியிருக்க." அப்பாவின் பிள்ளைதான் அவன். திருத்திவிட்டேன்.

அப்பா, இப்போது நீங்கள் தலைப்பாகையோடு உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். கிணறு எந்தப் பக்கம், சைக்கிள் என்ன நிறம் என்று இத்தனை வாரமாகத் திருத்தினீர்கள். இது நான் செய்கிற திருத்தம். லிங்கத்தின் கை வழுக்கவில்லை. அவன் சரியாகத்தான் எண்ணினான். நாலு வருவதற்குள் சுற்றியது நான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் பண்ண வேண்டாம். அவனுக்குப் பண்ணுங்கள்.